பிள்ளை பெறுவதை யார் முடிவு செய்வது: குப்பத்தில் பேசப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரக் குப்பங்களுக்கு முகவரிதான் சென்னை. ஊர்ப் பஞ்சாயத்து, ஊர்க் கட்டுப்பாடு, கோவில் வரி, எந்த வீட்டுப் பெண் எந்நேரம் எங்கே போனாள் என்ற கணக்கு எல்லாம் கிராமத்தில் உள்ளபடியே இங்கும் உண்டு. உள்ளே தள்ளி வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்து வாரியக் குடியிருப்புகளில் பஞ்சாயத்துக்குப் பதிலாக மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் கண்கள் இருக்கின்றன.

பிள்ளை எப்போது, எத்தனை, வேண்டுமா வேண்டாமா, உண்டான கருவை வைத்துக்கொள்வதா என்பதைப் பெண்ணே முடிவு செய்யலாம் என்று இந்த இடங்களில் பேசப் போகும் சுய உதவிக் குழுத் தலைவிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கல்லூரித் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்களின் கருத்தில் பிழை இருப்பது அபூர்வம். தவறான ஆளிடம், தவறான வேளையில் தொடங்குவதால்தான் கதவு சாத்தப்படுகிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. கேட்கப்போவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்

எதிரில் இருப்பவர் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "கருக்கலைப்பு தவறில்லை என்று ஏற்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். மாதாவையும் அம்மனையும் வேண்டிப் பிள்ளை பெற்று அறுபது வயதைத் தொட்ட ஒருவரிடம் ஒரு மதியப் பொழுதில் அதைக் கேட்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

நான் வைக்கும் கோரிக்கை இவ்வளவுதான்: "முடிவெடுக்கும்போது அவளைக் கேளுங்கள், அவள் சொன்ன பிறகு மாற்றாதீர்கள்." இதற்கு யாரும் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கலைப்பது பாவம் என்று நம்பும் மாமியாரும் தன் மருமகளைக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்று சொல்ல முடியும், சொல்லியும் இருக்கிறார்கள்.

கோரிக்கை சிறியதாக இருந்தால் பேச்சு எங்கே போனாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கும். பெரியதாக இருந்தால் சாமி, சினிமா, இந்தக் காலத்துப் பெண்கள் என்று அலைந்து கடைசியில் சண்டையில் முடியும்.

2. வாய் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பேச்சு எடுபட்டுவிட்டால் அடுத்த கேள்வி, "சரி, எங்கே போவது?" என்பதுதான். அதற்கு நீங்கள் தடுமாறினால் அந்தப் பெண் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போவாள். ஆகவே இந்தப் படியில்தான் அதிக உழைப்பு தேவை.

முதலில் சட்டம். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு பதிவு பெற்ற மருத்துவரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். அதுவும் சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள் முதலியோர். 24 வாரத்துக்குப் பின், கருவில் பெருங்குறை இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும்.

கேட்டவுடன் செய்து தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெண்ணின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ கேடு என்று மருத்துவர் கருத வேண்டும். ஆனால் கருத்தடை தவறி உண்டான கருவால் வரும் வேதனையை மன நலக் கேடாகவே கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2021 திருத்தம் அங்கே "கணவர்" என்று இருந்ததைத் "துணைவர்" என்று மாற்றியது. 20 முதல் 24 வாரம் வரையிலான விதியிலும் திருமணமாகாத பெண்ணை ஒதுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

18 வயது நிறைந்த, மனநலக் குறைபாடு இல்லாத பெண் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா யாருடைய கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை. பல இடங்களில் கணவரை அழைத்து வரச் சொல்வார்கள். அப்போது சண்டை போடாமல் நிலைய மருத்துவ அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். பெண்ணின் விவரத்தை வெளியே சொல்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு என்பதையும் மனத்தில் வைத்திருங்கள். குப்பத்துப் பெண்களுக்குப் பல வேளைகளில் சட்டம் அனுமதிக்கிறதா என்பதைவிட வெளியே தெரியுமா என்பதுதான் பெரிய கேள்வி.

அடுத்து இடம். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எது, அங்கே எந்தக் கிழமை எந்தச் சேவை, யார் இருப்பார் என்று நீங்களே போய்ப் பாருங்கள். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஸ்டான்லியும் இருக்கின்றன. சிலர் தெரிந்த முகம் கண்ணில் படக்கூடாது என்று எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை வரை போக விரும்புவார்கள். பஸ் எண், சீட்டு எழுதும் கவுன்டர், புறநோயாளிகள் பிரிவு மூடும் நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறர் சொன்னதைக் கேட்டு அனுப்பினால் பெண் மூடிய கவுன்டருக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்புவாள்; இரண்டாம் முறை வீட்டில் சொல்ல அவளுக்குப் பொய் கிடைக்காது.

கடைசியாகக் கருத்தடை முறைகள். எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டாம். இவை தெரிந்தால் போதும். காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டு தாங்கும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அதில் ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் சாப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் பல மெடிக்கல் ஷாப்புகள் அதை வைத்திருப்பதில்லை என்பதால் எங்கே கிடைக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

3. "குடும்பக் கட்டுப்பாட்டு ஆள்" என்ற பெயரைக் கழற்றிவிட்டு நுழையுங்கள்

பையும் நோட்டுமாகத் தெருவில் நுழையும் எவரையும், ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்றுதான் மக்கள் பார்ப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பிரசவ மேசையில் வலியோடு கிடக்கும்போது சரியாகக் கேட்காமலே காப்பர்-டி வைத்துவிட்டார்கள் என்ற குறையை இந்தத் தெருக்களில் எத்தனையோ பெண்கள் சொல்வார்கள். இரண்டாவது பிள்ளையோடு நிறுத்திவிடு என்று வாங்கிய திட்டும் அவர்கள் நினைவில் இருக்கிறது.

ஆகவே முதல் சந்திப்பில் கருத்தடை, கலைப்பு இரண்டையும் எடுக்காதீர்கள். பிள்ளை வேண்டும் என்று ஏங்குபவர்களிடமிருந்து தொடங்குங்கள். கல்யாணமாகி ஆறு மாதத்தில் "விசேஷம் உண்டா?" என்று தெருவே கேட்கும் கேள்வி எப்படி இருந்தது என்று பேசவிடுங்கள். பிள்ளை தங்காததற்குப் பாதிக் காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்பதையும், ஆணுக்கான விந்துப் பரிசோதனை எளிதானது, மலிவானது என்பதையும், பெண்ணை ஊசி ஊசியாகக் குத்துமுன் அதைச் செய்துவிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

விருப்பமில்லாமல் வைத்த காப்பர்-டியை எடுக்கச் சொல்லிக் கேட்க அந்தப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். இதைக் கேட்டதும் பல முகங்கள் மாறுவதைக் கண்டிருக்கிறேன். பெற வைப்பதற்காகவும் நிறுத்துவதற்காகவும் வரவில்லை, கேட்க வந்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் நம்புவார்கள்.

தன்னார்வக் குழுக்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மூன்றாவது பிள்ளையைச் சுமக்கும் பெண்ணைப் பார்த்ததும் "இன்னுமா?" என்று முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பு அன்று மாலைக்குள் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

4. முதலில் மாமியார்

புதியவர்கள் நேரே மருமகளிடம் போவார்கள், அவளுக்குத்தானே தேவை என்று. நீங்கள் எழுந்து போன பிறகு அந்த வீட்டில் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "அந்த அம்மா உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தாள்?" என்ற கேள்வியை அவள் தலையில் வைத்துவிட்டு வருவது உதவி ஆகாது.

மாமியார்களை எதிரிகளாக எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்கள். பேறுகாலத்தைப் பற்றி அந்த வீட்டில் அதிகம் அறிந்தவரும் அவர்தான். அவரிடம் கருத்துச் சொல்லாமல் கேள்வி கேளுங்கள்: "பெரியம்மா, உங்களுக்கு எத்தனை பேறு? எது கஷ்டமாக இருந்தது? அப்போது உங்களை யாராவது கேட்டார்களா?"

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் சிறிது நேரம் பதில் வராது. பிறகு வரும். வேண்டாம் என்று எள்ளும் பப்பாளியும் தின்றது, யாரோ ஒரு மருத்துவச்சி, ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. நீங்கள் வெளியிலிருந்து கொண்டு வரக்கூடிய எந்த வாதத்தையும்விட வலுவான வாதம் அவர் வாயிலேயே இருக்கிறது. நடுவே புகுந்து முடிவுரை சொல்லாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. "உங்கள் மருமகளை மட்டுமாவது கேட்கலாமே, பெரியம்மா" என்று முதல் படியில் எழுதிய கோரிக்கையை அப்போது வைக்கலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால் மாமியாரிடம் போக வேண்டாம். அந்தப் பெண்ணை வீட்டுக்கு வெளியே சந்தியுங்கள். 181 மகளிர் உதவி எண்ணை எழுதிக் கொடுக்காமல் மனப்பாடமாகச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டு யார் கையிலாவது கிடைக்கும்.

5. வேளையும் இடமும்

மீன் விற்கும் பெண்கள் விடியலுக்கு முன்பே துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். விற்று, சமைத்து, சற்றுத் தலை சாய்த்து எழுந்த பிறகு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருமுன் கிடைக்கும் அந்த மதிய இடைவெளிதான் உங்களுடையது. தண்ணீர் லாரி வரும் நாளென்றால் அதுவும் போயிற்று.

குழுக் கூட்டத்தில் பேசுவதானால் கணக்கு முடிந்த பிறகு பேசுங்கள். கடன் தவணை பாக்கி இருக்கும் பெண்ணின் காதில் அதற்கு முன் எதுவும் ஏறாது. கோவில் வாசல், தேவாலய வளாகம், டீக்கடை மூன்றும் வேண்டாம். ஆடி மாதம் கூழ் வார்க்கும் நாட்களில் தெருவே ஒலிபெருக்கியும் விருந்தாளிகளுமாக இருக்கும், அப்போதும் வேண்டாம்.

6. எழும் மறுப்புகள்

மனப்பாடப் பதில்கள் இங்கே வேலை செய்யாது என்றாலும், எது வரும் என்று தெரிந்திருந்தால் முகம் வெளுக்காமல் இருக்கலாம்.

"பாவம்." மறுக்காதீர்கள். உங்கள் சாமியும் அவர் சாமியும் என்ன சொல்கிறார்கள் என்று வாதாட நீங்கள் வரவில்லை. "பாவம் என்றால் கணக்கு அவளுக்கும் கடவுளுக்கும் இடையில்தானே, அம்மா? நடுவில் நாம் எதற்கு?" என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் அதோடு அந்த வாதத்தை நிறுத்திவிடுங்கள்.

"தலைச்சனைக் கலைத்தால் பிறகு தங்காது." இதைப் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளக்கூடாது. தகுதியில்லாத ஆளிடம் போய்க் கிருமித் தொற்று உண்டாகிக் கருக்குழாய் அடைபட்டவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வலுத்திருக்கும். ஆரம்ப வாரங்களில், பயிற்சி பெற்ற மருத்துவரிடம் முறையாகச் செய்துகொண்டால் பொதுவாக அடுத்த கர்ப்பத்துக்குத் தடை வராது. பயம் எங்கிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகு சொன்னால் கேட்பார்கள்.

"காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும்." ஏறாது. மிக அரிதாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது உண்டு. சிலருக்குத் தானாகக் கழன்று வெளியே வந்துவிடும். அதனால்தான் மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அரிதான கெடுதலை மறைக்காமல் சொல்பவரை மற்றதிலும் நம்புவார்கள்.

"பால் கொடுக்கும் வரை கரு நிற்காது." பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக்கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அதை நம்பி இருக்க முடியாது.

"இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள்." இதற்கு நீண்ட பதில் சொல்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். "தெரியாமல் இருந்தபோது நம் தெருவில் ஒன்றும் நடக்கவில்லையா, அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

"ஆண் பிள்ளை வேண்டும், அதற்காகத்தான் பார்க்கிறோம்." இங்கே உங்கள் வாதத்தையே உங்கள் மீது திருப்புவார்கள்: "அவள் முடிவுதானே, அவளே பெண் வேண்டாம் என்கிறாள்." குரல் உயர்த்தாமல், ஆனால் குழப்பமில்லாமல் பேச வேண்டிய இடம் இது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு வழி கேட்டால் சொல்ல மாட்டீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு அந்த "அவளே" என்பதை அவிழ்த்துப் பாருங்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் வேறு கல்யாணம் என்று மிரட்டப்பட்டவள் சொல்வது அவள் முடிவு ஆகாது. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு என்பதை மாமனார் காதில் விழும்படி சொல்வதும் நல்லது.

7. ஆண்களிடம் பேசுவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் ஆண்கள் கரையில், வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் பேசிவிடுங்கள். கையில் பணம் தீர்ந்த பிறகு எல்லாப் பேச்சும் கசக்கும்.

பேசுபவர் ஆணாக, முடிந்தால் அதே தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும். பெண்கள் போய் ஆண்களுக்குச் சொன்னால் கேலியாகிவிடும். தமிழ்நாட்டில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள்தான். ஆண்கள் தயங்குவதற்குச் சொல்லும் காரணம் ஒன்றே: பலம் போய்விடும், வலை இழுக்க முடியாது.

தழும்பில்லாத வாசெக்டமியில் கத்தியால் கீறுவதில்லை, தையலும் இல்லை. கால் மணி நேரத்துக்குள் முடியும், அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு. பளுவான வேலைக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஆண்மைக்கும் உடல் வலிமைக்கும் இதனோடு தொடர்பில்லை. ஆனால் உடனே பலன் தராது: மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் இடையில் மனைவி கர்ப்பமாவாள். பழி அவள் நடத்தை மீது விழும். இந்த ஒரு வாக்கியத்தை மறப்பது குடும்பத்தையே உடைக்கும்.

ஆபரேஷனைப் பற்றிக் கேட்கும் பெண்களுக்கும் ஒன்று சொல்லுங்கள். அரசு விதிப்படி 22 முதல் 49 வயது வரை, திருமணமாகி, ஒரு வயதைக் கடந்த ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும். கணவரின் ஒப்புதல் இதற்கும் கட்டாயம் இல்லை.

8. ஊர்ப் பெரியவர்கள்

அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். அனுமதி கேட்டால் மறுக்கும் அதிகாரத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாக ஆகும். "தாய்மார்களின் உடல் நலம் பற்றிக் குழுவில் பேசுகிறோம், தலைவரே" என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பிறகு, "எங்களுக்குத் தெரியாமல் நடந்தது" என்று எவரும் கிளப்ப முடியாது. பங்குத் தந்தை, பள்ளிவாசல் ஜமாஅத் ஆகியோரிடமும் இதே அளவுதான். சொல்வது உண்மையாகவும் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் நீளாமலும் இருக்க வேண்டும்.

9. தனியாக வந்து கேட்பவள்

எல்லாப் பேச்சும் முடிந்த பிறகு, சில நாள் கழித்து ஒருத்தி வருவாள். வேறு எதையோ கேட்பதுபோல் தொடங்கி, "அக்கா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்பாள். இதுவரை சொன்ன படிகள் எல்லாம் இவளுக்காகத்தான்.

முதலில், உறுதி செய்யுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை அட்டை சுகாதார நிலையத்தில் கிடைக்கும். பிறகு நாட்களை எண்ணுங்கள். இங்கே தொடர்ந்து ஒரு குழப்பம் நடக்கிறது: பெண்கள் வர வேண்டிய தேதி தவறியதிலிருந்து எண்ணுவார்கள், மருத்துவர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார். அவள் "ஒரு மாதம்" என்பது மருத்துவர் கணக்கில் எட்டு வாரம். மாத்திரை மூலம் கலைப்பதற்கு ஒன்பது வாரம்தான் எல்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அவள் இருந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். திருவொற்றியூர்த் தேர், அமாவாசை, சம்பள நாள் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கடைசித் தேதியை நினைவுபடுத்தச் சொல்லுங்கள்.

கலைப்புக்கான ஐந்து மாத்திரை அடங்கிய அட்டையை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குவது இங்கே வழக்கமாகிவிட்டது. மருந்து கெட்டதல்ல, மருத்துவர் கொடுப்பதும் அதுதான். எத்தனை வாரம் என்று தெரியாமல், கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் சாப்பிடுவதில்தான் ஆபத்து. ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் திட்டாதீர்கள். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், காய்ச்சல் வந்தால், ஒரு பக்க வயிற்றில் கடும் வலியோ மயக்கமோ வந்தால் உடனே 108. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாள் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

இன்னும் முடிவெடுக்காத பெண்ணுக்கு ஒரு செய்தி. கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து அதற்கான பிக்மி எண் வாங்கியதும் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருவார், போன் செய்வார். அது அவர் வேலை. வீட்டில் சொல்லாதவள் எந்தப் போன் எண்ணைக் கொடுப்பது என்று முன்பே யோசிக்கட்டும்.

18 வயது நிறையாத பெண் என்றால், அவள் முழுக்கதையையும் கொட்டுமுன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அந்தச் செய்தி தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். கலைப்புக்காக வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் அதே 2022 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. போலீஸ் பயத்தால் மருத்துவரிடமே போகாமல் இருக்கும் சிறுமிகளுக்கு இது தெரிய வேண்டும். 1098 எண்ணில் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும். காப்பாளரின் ஒப்புதல் இவளுக்கு வேண்டும். வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவளோடு உட்கார்ந்து யோசியுங்கள், நீங்களே போய்ச் சொல்லாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு உடன் போவதானால் ஒருவர் போதும். குழுவாகப் போனால் ஊர்வலமாகிவிடும். அவள் கடைசி நேரத்தில் மனம் மாறி வைத்துக்கொள்கிறேன் என்றால் அதே முகத்தோடு திரும்பி வாருங்கள். அவள் முடிவை உங்கள் தோல்வியாக எண்ணினால், நீங்களும் இன்னொரு மாமியார்தான்.

யாரிடம் பேசினீர்கள் என்று எங்கும் எழுதாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். "பெயர் சொல்லவில்லை, நாலாவது தெருவில் ஒருத்தி" என்று உதாரணம் காட்டுவதும் கூடாது. குப்பத்தில் நாலாவது தெரு என்றாலே பெயர் சொன்ன மாதிரிதான்.

10. பக்கவிளைவுகளை முன்கூட்டியே சொல்லி, பிறகும் போய்ப் பாருங்கள்

ஒரு தெருவில் நீங்கள் சம்பாதித்த நம்பிக்கை அத்தனையையும் ஒரு பெண்ணின் எதிர்பாராத உதிரப்போக்கு அழித்துவிடும். அந்தரா ஊசி போட்டவர்களுக்கு மாதவிலக்கு தாறுமாறாக வரலாம், வராமலும் போகலாம். நிறுத்திய பின், கடைசி ஊசியிலிருந்து கரு உண்டாக ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். காப்பர்-டி வைத்த முதல் சில மாதங்களில் போக்கும் வலியும் கூடுதலாக இருக்கும். சொல்லி வைத்தால், "அக்கா சொன்னது போலத்தான் இருக்கிறது" என்பார்கள். சொல்லாமல் விட்டால் "உடம்பைக் கெடுத்துவிட்டார்கள்" என்று தெருவுக்கே தெரியும்.

ஒருத்தி புதிதாக எதையாவது ஆரம்பித்தால் முதல் மாதத்திலேயே ஒரு முறை எதேச்சையாக அந்தப் பக்கம் போய் வாருங்கள். மீன் வாங்கப் போனதாக இருக்கட்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு முறைக்கு மாறலாம், நிறுத்தவும் செய்யலாம் என்று சொல்லி, செவிலியர் இருக்கும் கிழமையை நினைவுபடுத்திவிட்டு வாருங்கள். உங்களால் பதில் சொல்ல முடியாத மருத்துவக் கேள்வி வந்தால் ஊகிக்காமல் 104க்குப் போன் போட்டு, அவளையே பேசச் சொல்லுங்கள்.